கியூரிஸ்க்3: இனத்தையும் கேட்டுக் கணக்கிடும் இதயக் கணிப்பான்

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்கப் பிரித்தானியக் குடும்ப மருத்துவர்கள் பார்க்கும் கியூரிஸ்க்3 கணிப்பானை எவரும் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2017இல் வெளியான இது, 25 முதல் 84 வயது வரையுள்ளவர்களுக்கு அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைச் சதவீதமாகத் தருகிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இது பொருந்தாது.

இனத்தைக் கேட்பதே இதன் பெரும் பலம். மேற்கு லண்டனின் சவுத்தாலை மையமாகக் கொண்டு 1980களின் இறுதியில் தொடங்கிய சேப்ரே ஆய்வில், தெற்காசியர், ஆப்பிரிக்க-கரீபியர் ஆகிய இரு சாராரிடமும் நீரிழிவு வெள்ளையரைவிட மிகுதியாகக் காணப்பட்டது. ஆனால் மாரடைப்பு போன்ற இதய நோய் தெற்காசியரிடம் கூடுதலாகவும் கரீபியரிடம் குறைவாகவும் இருந்தது. ஆகவே நீரிழிவை மட்டும் வைத்து எல்லோருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

இதன் குறைபாடும் இனத்தைக் கேட்கும் அதே கட்டத்தில்தான் இருக்கிறது. இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் ஆகியோருக்குத் தனித்தனித் தெரிவுகள் உண்டு, இலங்கையருக்கு இல்லை. ஈழத்தமிழர் ஒருவர் 'பிற ஆசியர்' என்று குறித்தால், இலங்கையரும் பிலிப்பினியரும் கொரியரும் கலந்த தொகுதிக்குள் போய்விடுகிறார்; ஆண்களைப் பொறுத்தவரை அந்தத் தொகுதிக்குக் கணிப்பான் தரும் அபாய மதிப்பு வெள்ளையருடையதை ஏறக்குறைய ஒத்தது. மற்ற விவரங்களை அப்படியே விட்டு 'இந்தியர்' என்று மாற்றினால் சதவீதம் கண்கூடாக உயர்கிறது. ஸ்டாட்டினைப் பரிந்துரைக்கும் 10 சதவீத எல்லையை ஒட்டி நிற்பவருக்கு இது மாத்திரையைப் பற்றிய பேச்சையே மாற்றிவிடக்கூடும்.

முடிவுப் பக்கத்தில் வரும் 'இதய வயது' என்னை அவ்வளவாகக் கவரவில்லை. அது உங்களை உங்கள் இனத்தைச் சேர்ந்த ஆரோக்கியமானவரோடுதான் ஒப்பிடுகிறது என்பதால், இனத்தால் கூடும் அபாயம் அங்கே மறைந்துபோகிறது. போதாததற்கு, அந்த 'ஆரோக்கியமானவரின்' உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ) 25. தெற்காசியருக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்பது பிரித்தானிய வழிகாட்டுதலே சொல்வது.

நீரிழிவு உண்டா, எந்த வகை என்று கேட்பதோடு கணிப்பான் நின்றுவிடுகிறது. எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்று கேட்பதில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் மருத்துவரிடம் சதவீதத்தைச் சொல்லும்போது, எந்த இனத்தைத் தெரிவுசெய்தபோது அது வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.