செம்பியைத் தந்த காப்பகம்

சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் தாண்டி ஒரு சின்ன நாய்க் காப்பகம். பெயரைப் போடவில்லை. இடம் தெரிந்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் நாயைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், எழுதாதீர்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். நிஜமாகவே தத்தெடுக்க நினைப்பவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் செம்பி அங்கிருந்து வந்தவள்தான். நாட்டு நாய். யாரோ மொட்டைமாடியில் கம்பியால் கட்டிப்போட்டு வைத்திருந்தார்களாம். குட்டியில் கட்டிய கம்பியை அவள் வளர்ந்த பிறகும் தளர்த்தாததால் அது கழுத்துச் சதைக்குள் புதைந்துபோய், அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. இதற்கு 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், முதல் தடவை என்றால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

காப்பகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் மறைக்காமல் சொன்னதுதான். துடைப்பத்தை எடுத்தாலே மூத்திரம் போய்விடுவாள், ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்வாள் என்றெல்லாம் முன்கூட்டியே சொன்னார்கள். உடனே தூக்கிக் கொடுக்கவும் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்து சும்மா பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். "தலை மேல கை வைக்காதம்மா. கையைக் கீழ வச்சுக்கோ, அவளா வந்து மோந்து பாக்கட்டும்" என்று அங்கிருந்த அக்கா சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வீட்டுக்கே வந்து மாடிச் சுவரின் உயரத்தையும் கேட் இடுக்கையும் பார்த்தார்கள். கருத்தடை, ரேபிஸ் ஊசி எல்லாம் முடித்து, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டும் ஹார்னஸும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். கட்டணம் இல்லை, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம்.

குறை என்றால், போன் எடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் பதில் வரவும் நேரமாகும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வதில்லை. செம்பிக்கு அது வந்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீங்கள் தத்தெடுத்தால் முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

வந்த புதிதில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்தான் கிடந்தாள். அப்பா பேப்பரைச் சுருட்டினாலே நடுங்குவாள். அதனால் அவர் இந்த வயதில் பேப்பரைத் தரையில் விரித்து, குனிந்து படிக்கப் பழகிக்கொண்டார். இப்போது அவள் அந்தப் பேப்பர் மேலேயே வந்து படுத்துக்கொள்கிறாள். துடைப்பம் மட்டும் இன்னும் ஆகவில்லை. அவள் மாடிக்குப் போன பிறகுதான் வீட்டைப் பெருக்குகிறோம்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த மாதிரி அடிபட்ட நாய்களை அவர்கள் தருவதில்லை. கோபப்படாதீர்கள், அது சரிதான். தீபாவளி நெருக்கத்திலும் கேட்காதீர்கள். புது வீட்டில் இருக்கும் நாய் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. பொங்கல் முடிந்து போனால் நிதானமாகப் பார்க்கலாம்.