ஜீப்புக்கு எந்த டயர்? மணற்காட்டிலிருந்து டூப்ளிகேஷன் வீதி வரை

கொழும்பில் நாலு சில்லும் இழுக்கிற எந்த வாகனமும் ஜீப்தான். பிராடோவும் ஜீப், மொன்டெரோவும் ஜீப், பக்கத்து வீட்டு ஜிம்னியும் ஜீப். அவற்றில் முக்கால்வாசி ஃபோர் வீல் லீவரை ஒருநாளும் அசைத்துப் பாராதவை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மரைன் டிரைவால் வெள்ளவத்தைக்குத் திரும்பி, பின்னேரம் டியூஷனுக்கு ஒரு நடை. என்னுடைய மொன்டெரோவும் பல வருஷம் இதைத்தான் செய்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறக்கும்வரை இருக்கிற வாகனத்தோடு காலந்தள்ள வேண்டியதாயிற்று. வாகனத்தை மாற்ற ஏலாது, சில்லையாவது மாற்றுவோம் என்ற எண்ணம் எனக்கு வந்தது அப்போதுதான்.

சரி, எதற்கு மாற்றுவது? கையில் நாலு வழி. கம்பனி போட்டு அனுப்பிய எச்.டி. டயரையே, அதாவது தார் ரோட்டு டயரையே, வைத்திருக்கலாம். அதே அளவில் ஏ.டி. போடலாம், அது தாருக்கும் மண்ணுக்கும் பொது. ஒரு அளவு கூட்டியும் ஏ.டி. போடலாம். இல்லையென்றால் கட்டை கட்டையாகப் பல் வைத்த எம்.டி.க்கு, சேற்று டயருக்கு, ஒரேயடியாகத் தாவலாம். கடையில் கேட்டால் நாலுமே நல்லது என்பார்கள். அதனால் நான் கடைப் பேச்சை விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேர் ஓடிப் பார்த்ததை எழுதுகிறேன். என்னுடையது 3.2 டீசல் மொன்டெரோ, அளவு 265/65 ஆர் 17, முதலில் எச்.டி., பிறகு ஏ.டி. (265 என்பது டயரின் அகலம் மில்லிமீற்றரில், 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம், 17 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில்.) பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன் ஒருவனிடம் ஹைலக்ஸ் டபுள் கெப். அதைக் கொஞ்சம் உயர்த்தி, 285/70 ஆர் 17 எம்.டி. போட்டிருக்கிறான். பார்க்கப் பொலிஸ்காரனே ஒதுங்குகிற மாதிரி நிற்கும். மூன்றாவது, அவனுடைய மச்சானின் ஜிம்னி. வந்தபடியே இருக்கிறது, 195/80 ஆர் 15, எச்.டி.

முதல் பாடம் மணற்காட்டில் கிடைத்தது. வடமராட்சி கிழக்கில், பழைய அந்தோனியார் கோயில் பாதி மணலுக்குள் புதைந்து கிடக்கிற இடம். ஹைலக்ஸ் முன்னால் போனது. முப்பது யார் தூரம் போயிருக்காது, பின் சில்லு சுழலத் தொடங்கியது. அவன் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, அந்தக் கட்டைப் பல்லுகள் மண்வெட்டி மாதிரி மணலை அள்ளிப் பின்னால் வீசின. ஒரு நிமிஷத்தில் அச்சு மணலில் குந்திவிட்டது. அவன் டயரில் காற்று 35 பிஎஸ்ஐ. நாங்கள் இரண்டு பேரும் 18க்கு இறக்கியிருந்தோம். இறக்கியதுகூட அறிவால் இல்லை, வழியில் ஒரு மீன் லொறிக்காரர் ஏசிப்போட்டுப் போனதால். ஜிம்னி அந்தச் சாதாரண ரோட்டு டயரோடு அவனைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் மச்சான்காரன் அவனைச் சீண்டுவான்.

இதில் மாயமில்லை. காற்றை இறக்கினால் டயர் மண்ணில் படுகிற தடம் பெருக்கும். அகலத்தைவிட நீளமாகத்தான் கூடுதலாகப் பெருக்கும். பாரம் பரவும், மணல் உடையாது, டயர் அதன் மேல் மிதந்து போகும். மணலில் வேண்டியது மிதப்பு. எம்.டி.யின் ஆழமான பல் அங்கே உதவாது, உபத்திரவம்தான் தரும். ஜிம்னிக்கு இன்னொரு சலுகை: ஆயிரத்து நூறு கிலோவுக்கு அண்மித்த உடம்பு. மொன்டெரோ இரண்டு தொன்னுக்கு மேல். பாரம் பாதியாக இருந்தால் டயரின் குறை பாதி மறைந்துவிடும். ஆகவே புத்தளம், கற்பிட்டி, மன்னார், வடமராட்சி என்று கரையோர மணல்தான் உங்கள் ஓட்டம் என்றால், புது டயருக்குக் காசு சேர்க்க முதல் காற்று அளக்கும் கருவி ஒன்றையும் 12 வோல்ட் பம்ப் ஒன்றையும் வாங்குங்கள். இறக்கியபடியே தார் ரோட்டில் வேகம் போகக் கூடாது. டயர் சூடேறிப் பக்கச் சுவர் கிழிந்துவிடும். 15க்குக் கீழே இறக்கி வளைத்துத் திருப்பினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றும் விடும். மணலை விட்டு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும், பம்ப் அதற்குத்தான்.

அதுவரைக்கும் எச்.டி.யின் கட்சியில்தான் நான் இருந்தேன். கட்சி மாறியது களுப்பஹனையிலிருந்து ஓஹியாவுக்கு ஏறுகிற பாதையில். பம்பரகந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டி உடவேரிய தோட்டத்துக்குள் போகும் அந்த வழியை ஊரே பிசாசுப் படிக்கட்டு என்கிறது. முதல்நாள் மழை. கல்லெல்லாம் பாசி பிடித்து வழுக்குகிறது, ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் அரித்த பள்ளம். மொன்டெரோவை ஃபோர் லோவில், அதாவது நாலு சில்லும் மெதுவாக ஆனால் பலமாக இழுக்கிற கியரில், போட்டு ஏற்றினேன். ஏறியது. வாகனத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, இன்னும் எவ்வளவோ ஏறக்கூடியது. பிரச்சினை அந்த மெல்லிய பக்கச் சுவர். கூர்க்கல் ஒன்றில் உரசி, வாழைப்பழத் தோல் உரிந்த மாதிரி ஒரு விரல் நீளம் வாய் பிளந்துவிட்டது. பல்லில் ஆணி ஏறினால் ஊசி போட்டு அடைக்கலாம். பக்கச் சுவர் கிழிந்தால் வைத்தியம் கிடையாது.

ஸ்பெயாரை மாட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்து மனுஷன் ஒருவர் கம்பளித் தொப்பியோடு வந்து குந்திக்கொண்டு பார்த்தார். கட்டைவிரலால் டயரை அமத்திவிட்டு, "தம்பி, கல்லு மாதிரி காத்து அடிச்சி வச்சிருக்கீங்களே. கொஞ்சம் எறக்குங்க. டயரு கல்லு மேல ஒக்காரணும், குதிக்கப்படாது" என்றார். அவர் தோட்டத்து டிரக்டர் ஓட்டுகிறவராம். 24க்கு இறக்கினேன். மிச்சத் தூரம் வேறு வாகனம் ஓடுவது போல இருந்தது. காற்று குறைந்த டயரின் பக்கம் இன்னும் வெளியே பிதுங்கும், கல்லில் படும் வாய்ப்பும் கூடும்; அதனால் அங்கே பக்கச் சுவரின் தடிப்புத்தான் கேள்வி. நல்ல ஏ.டி. டயர்களில் பக்கச் சுவருக்கு மூன்று அடுக்கு கொடுக்கிறார்கள். பிஎஃப் குட்ரிச்சின் கேஓ2 பேர் வாங்கியதற்கு ஒரு காரணம் அதுதான். யொகோஹாமா ஜியோலாண்டர் போன்ற ஏ.டி.களில் இரண்டு விதம் வரும்: இலகு லொறிகளுக்கான எல்டி வகை, சாதாரண வாகன வகை. பெயர் ஒன்று, உடம்பு வேறு. டயரின் பக்கத்தில் அளவுக்கு முன்னால் எல்டி (LT) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்டி என்றால் எல்லாம் நல்லதென்றும் இல்லை. பாரம் தாங்கும் எண் சாதாரண வகையில் 112, அதாவது டயர் ஒன்றுக்கு 1120 கிலோ. 'பத்து அடுக்கு' எல்டியில் (அது பலத்தின் தரம், உண்மையில் பத்து அடுக்கு இருக்காது) அது 120 வரை போகும், 1400 கிலோ. நாலு டயரால் பெருக்கிப் பாருங்கள். குடும்ப ஜீப்புக்கு அது தேவையே இல்லாத பலம். அந்தப் பலத்தின் விலையைப் பாரத்திலும் விறைப்பிலும் கட்டுகிறோம். தெமட்டகொடைப் பக்கத்துக் குழிகளில் என் முதுகு அதை ஒவ்வொரு நாளும் கணக்கெடுக்கிறது. நகருக்குள் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடிய வண்டி இப்போது ஏழரை.

எம்.டி.க்கு நியாயம் செய்யாமல் போகக் கூடாது. மார்கழியில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குளக்கட்டுக்குக் கீழால் போனோம். வன்னிக் களி நனைந்தால் தெரியும்தானே, செருப்பில் ஒட்டினால் செருப்பே மூன்று கிலோ. என்னுடைய ஏ.டி.யின் பல்லிடுக்கெல்லாம் களி அடைத்து, பத்து மீற்றரில் டயர் நாலும் மெழுகின உருளையாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி தன்பாட்டுக்கு வாய்க்காலை நோக்கிப் போகிறது. ஹைலக்ஸ் ஒரு உறுமலோடு போனது. எம்.டி.யின் அகலமான இடைவெளிக்குள் களி நிற்காது. சில்லு சுழலும்போதே உதறிவிடும், அடுத்த சுற்றுக்குப் பல் சுத்தமாக வரும். மணலில் அவனைக் குழிதோண்ட வைத்த அதே பல்தான். அன்றைக்கு என்னைக் கயிறு போட்டு இழுத்துவிட்டு அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலே பரவாயில்லை.

ஆனால் அவன் குடியிருப்பது முல்லைத்தீவில் இல்லை, கொட்டாஞ்சேனையில். வருஷத்தில் 350 நாள் அவனுடைய எம்.டி. தேய்வது தாரில். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டுவிட்டுக் கொழும்பை நனைக்கும். ஆமர் வீதியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது எம்.டி. ஒன்றும் மோசமில்லை, அகன்ற இடைவெளிகள் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். மோசம் வேறு இடத்தில்: பத்து நாள் வெயிலுக்குப் பிறகு விழுகிற முதல் தூறல், எண்ணெயும் புழுதியும் குழைந்த அந்த மெல்லிய ஈரம். அங்கே டயரைப் பிடித்து நிறுத்துவது பல்லுக்கு மேலே கீறிய நுண்ணிய வெட்டுகள். எச்.டி.யில் அவை நிறைய, ஏ.டி.யில் ஓரளவு, எம்.டி.யில் சொற்பம். டூப்ளிகேஷன் வீதியில், சிக்னல் சிவப்பான இடத்தில், அவன் பிரேக்கை மிதித்தபோது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கிறது, வண்டி நிற்கவில்லை. முன்னாலிருந்த முச்சக்கர வண்டிக்கும் எங்களுக்கும் கடைசியில் இருந்த இடைவெளியில் ஒரு குடை வைக்கலாம். ஃபோர் வீல் வாகனத்தை ஏற்றத்தான் செய்யும், நிறுத்த உதவாது. நாலு சில்லுக்கும் பிரேக் எல்லாக் காருக்கும் இருக்கிறது. நிறுத்துவது டயர். தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது அவனோடு கதைக்கக் கத்த வேண்டும், அது வேறு.

அளவைக் கூட்டுவது பற்றி. ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 265/65 ஆர் 17 டயரின் உயரம் 776 மில்லிமீற்றர். 265/70 போட்டால் 803. வாகனம் உயர்வது அதில் பாதிதான், வெறும் 13 மில்லிமீற்றர். என் சுண்டுவிரல் தடிப்பு. சிநேகிதனின் 285/70, 831. அவனுக்குக் கிடைத்தது 27 மில்லிமீற்றர். அதற்காக அவன் சஸ்பென்ஷனை உயர்த்தி, முன் மட்கார்டின் உள்பக்கத்தை வெட்டி, மீற்றரில் 100 காட்டும்போது கிட்டத்தட்ட 107இல் போய்க்கொண்டிருக்கிறான். கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும். கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்பு நாலாவதில் போனது இப்போது மூன்றாவதைக் கேட்கிறது. ஜிம்னியில் 215/75 ஆர் 15 போட்டால் 5 மில்லிமீற்றர், பார்க்க அழகு என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. 235/75 போட்டால் 20 மில்லிமீற்றர் கிடைக்கும், ஆனால் அந்த 1.5 பெற்றோல் எஞ்சின் அந்தப் பாரத்தைச் சுழற்றிக் களைக்கும். அடிபடாமல் கல்லைத் தாண்ட 13 மில்லிமீற்றரைவிட, இறங்கிப் பார்த்துச் சில்லைக் கல்லின் மேலேயே ஏற்றுவது கூட உதவும்.

என் முடிவு: அதே அளவில் ஏ.டி. மாதத்துக்கு ஒருமுறையாவது மலையகமோ வடக்கோ போகிறவருக்கு. வருஷத்துக்கு ஒருமுறை யாலவுக்குப் போகிறவர் எச்.டி.யோடு இருக்கட்டும்; அங்கேயும் உள்ளே போவது பெரும்பாலும் சஃபாரி ஜீப்பில்தானே. எம்.டி. வயலோ காட்டோரத் தோட்டமோ வைத்திருக்கிறவருக்கு.

வாங்கும்போது இரண்டு விஷயம் ஏமாற்றும். ஒன்று வயது. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில் "புத்தம் புதுசு, மஹத்தயா" என்று கறுப்புப் பூச்சு மினுங்க ஒரு செட் எடுத்து வைத்தார்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் நாலு இலக்கத்தைத் தேடினேன். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். ஐந்து வயது. ஓடாமல் இருந்தாலும் இறப்பர் இறுகும், ஈரத்தில் பிடிப்புப் போகும். அந்த நாலு இலக்கம் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய டயருக்கு மேல் புது இறப்பர் ஒட்டிய 'டெக்' டயர் லொறியின் பின் சில்லுக்கு ஓடும். காற்று இறக்கிக் கல்லில் மடிகிற ஜீப்புக்கு வேண்டாம்.

மற்றது, "இப்போதைக்கு ரெண்டு போடுவம், மற்ற ரெண்டும் அடுத்த போனஸுக்கு" என்ற நம்முடைய வழக்கம். காரில் சரி. நாலு சில்லும் ஒன்றாகச் சுழல்கிற வாகனத்தில் தேய்ந்த இரண்டும் புதிய இரண்டும் வேறு வேறு சுற்றளவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பகிர்கிற நடு டிஃபரன்ஷியல் ஓடும் நேரமெல்லாம் அந்த வித்தியாசத்தைச் சமன்செய்து தேயும்; அதைப் பூட்டி ஓட்டினால் கியர் பெட்டிக்குள் முறுக்கேறும். டயரில் மிச்சம் பிடித்த காசு கராஜ் பாஸிடம், மெக்கானிக்கிடம், போய்ச் சேரும்.

அதே காரணத்தால் நாலு இல்லை, ஐந்து. நான் நாலு ஏ.டி. வாங்கி, பின்கதவில் பழைய எச்.டி.யையே விட்டிருந்தேன். அளவு ஒன்றுதானே என்று நினைத்தேன். பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் தேய்ந்த பழையது ஒரு விரல் கட்டை. ஐந்தாவதையும் வாங்கிக் கதவில் மாட்டிவிட்டேன். பாரம் கூடியதில் கதவு இப்போது கொஞ்சம் தொங்குகிறது, குழியில் விழும்போது ஒரு சத்தம் வருகிறது. கீலை இறுக்க வருகிற சனிக்கிழமை பாஸிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.