பிளாஸ்டிக், வினைல் மேல் அக்ரிலிக் பெயின்ட்: சில வருட அனுபவம்

பிளாஸ்டிக் மேல் அக்ரிலிக் பெயின்ட் நிற்குமா என்று கேட்பவர்களிடம், பொருளைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பல பொருள்களில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் ஓர் எண் இருக்கும். 2 அல்லது 5 என்றால் கஷ்டம். வாளி, மக், நாற்காலி எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். தண்ணீர் தெளித்தாலே பரவாமல் முத்து முத்தாகத் திரளும். பெயின்ட் மட்டும் எப்படிப் பிடிக்கும்? மாடித் தோட்டத் தொட்டிகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு அடித்தது கூட, ஒரு மழைக்காலம் முடிந்ததும் தோலாக உரிந்து வந்தது. பாலிபுரொப்பிலீனுக்கு (5 எண் பிளாஸ்டிக்) ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருந்த ஸ்ப்ரே ப்ரைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் அடித்த தொட்டிகளில், விளிம்பு தவிர மற்ற இடமெல்லாம் இன்றும் நன்றாக இருக்கிறது.

வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். அதில் இரண்டு வகை உண்டு. எல்.பி. இசைத்தட்டுகள் கெட்டியான வினைல். இவற்றில் அக்ரிலிக் அருமையாக உட்காரும். நான் வரைந்தவற்றில் நிறம் துளியும் பெயரவில்லை. ஆனால் ஓடுகிற தட்டில் தயவுசெய்து வரையாதீர்கள். கீறல் விழுந்து பாடாமல் போனதே பழைய கடைகளில் கிடைக்கும்.

ரெக்சின் பை, மேஜை விரிப்பு, மிருதுவான பொம்மை எல்லாம் வேறு கதை. அவை வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்ல மேலே கசியும். முதல் மாதம் அழகாக இருக்கும், அப்புறம் பெயின்ட் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். பையின் மடிப்புகளில் வெடிப்பும் விட்டது. இந்த வகைக்குச் சாதாரண அக்ரிலிக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வேலை முறை எளிதுதான். பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். தின்னர் வேண்டவே வேண்டாம், சில பிளாஸ்டிக்குகள் அதில் கரைந்துவிடும். பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சாக அடியுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுகச் சில வாரம் ஆகும்; அதுவரை நகம் படக் கூடாது. மூலையில் செல்லோடேப் ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள்; பெயின்ட் உரியவில்லை என்றால் வார்னிஷ் போடுங்கள்.

இசைத்தட்டை வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம். பெயின்ட் தாங்கினாலும் தட்டு வளைந்துவிடும்.