ஹாங்காங்: 2014-இன் குடையும் 2019-இன் தண்ணீரும்

2014 செப்டம்பர் 28 அன்று கண்ணீர்ப்புகையைக் குடையால் தடுத்த ஹாங்காங் மக்கள், தேர்தல் சீர்திருத்தம் கேட்டு அட்மிரால்டி, மாங்காக், காஸ்வே பே சாலைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். 79 நாட்கள்! மேடை இருந்தது, முகம் தெரிந்த தலைவர்கள் இருந்தார்கள். அரசு காத்திருந்தே அவர்களைச் சோரவைத்தது. கேட்ட சீர்திருத்தம் கிடைக்கவில்லை. தலைவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள்.

2019-இல், குற்றம்சாட்டப்பட்டவர்களைச் சீனப் பெருநிலத்துக்கு அனுப்ப வழிவிட்ட நாடுகடத்தல் மசோதாவுக்கு எதிராக எழுந்தவர்கள் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பெரிய மேடையே வேண்டாம், தலைமையே வேண்டாம் என்றார்கள். புரூஸ் லீ சொன்ன ‘தண்ணீராய் இரு’ என்பதுதான் வழி. டெலிகிராம் குழுக்களில் பேசி முடிவெடுப்பார்கள். போலீஸ் வந்தால் கலைந்து, மெட்ரோ பிடித்து வேறு பகுதியில் கூடுவார்கள். அமைதி வழியில் நின்றவர்களும் மோதத் துணிந்தவர்களும் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்ற உறுதிதான் என்னை இன்றும் நெகிழவைக்கிறது. ஆனால் அதே உறுதியால், வன்முறை எல்லை மீறியபோது நிறுத்தச் சொல்ல யாருமில்லை.

பேச்சுவார்த்தைக்குத் தலைவர் வேண்டாமா என்று கேட்பார்கள். சரி, 2014-இல் மாணவர் தலைவர்கள் அதிகாரிகளோடு தொலைக்காட்சி நேரலையிலேயே பேசினார்களே, எதுவும் நகரவில்லை. மசோதாவைத் திரும்பப் பெறவைத்தது 2019-தான். அதன் விலையும் பெரிது: பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதுகள், அப்புறம் 2020 ஜூன் 30-இல் பெய்ஜிங் கொண்டுவந்த, எதிர்ப்பை ஒடுக்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டம்.