ஷெல்லும் பின்னணி வேலையும்: எந்த இணையப் பாடத்தில் கற்பது?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் காலை ஆறு மணிக்கே போன் செய்தான். "மாமா, நைட்டு ஓட விட்டுட்டுப் படுத்தேன். காலைல பாத்தா வேலையைக் காணோம். கடைசில அந்தக் குறியைப் போட்டுத்தானே விட்டேன்?" என்றான். அவன் தாத்தா பத்திரமாக வைத்திருந்த பழைய அச்சுப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்திருந்தான். அந்த 640 பக்கப் படங்களை வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் ஏற்றி, டெசராக்ட் என்ற நிரல் மூலம் தமிழ் எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தான். இரவில் எப்போதோ வீட்டில் நெட் அறுந்திருக்கிறது. வேலை 212-ஆம் பக்கத்தோடு நின்றுபோயிருந்தது.

அவன் இதைக் கற்றது பத்து நிமிட யூடியூப் பாடம் ஒன்றில். பாடத்தில் தப்பு ஒன்றும் இல்லை. கட்டளையின் கடைசியில் & போட்டால் வேலை பின்னணிக்குப் போய்விடும், ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அவ்வளவும் சரி. ஆனால் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. பின்னணிக்குப் போன வேலை எதை நம்பி ஓடுகிறது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல அடுப்படியே போதும். அல்வா கிண்டுகிறவர் கரண்டியை விட்டு நகர முடியாது. அது முன்னணி வேலை. கிரைண்டரில் அரிசியைப் போட்டுவிட்டால் நாம் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம். அது பின்னணி வேலை. ஆனால் யாராவது வீட்டு மெயினை அணைத்தால் கிரைண்டரும் நின்றுவிடும். & குறி கிரைண்டரைப் போட்டுவிடுகிறது; மெயினிலிருந்து பிரித்து விடுவதில்லை. இங்கே மெயின் என்பது டெர்மினல், அதாவது நாம் கட்டளை அடிக்கும் ஜன்னல். நெட் அறுந்ததைச் சர்வர் உணர்ந்ததும் அந்த டெர்மினல் மூடப்படுகிறது. ஷெல்லுக்கு ஹேங்கப் என்ற சிக்னல் (ஓடும் நிரலுக்குப் போகும் சிறு அறிவிப்பு) போகிறது. ஷெல் அதைத் தன் வேலைகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டுத் தானும் முடிந்துபோகிறது.

ஆகவே எனக்கு ஒரு பாடத்தை எடை போட ஒரே அளவுகோல்தான்: அது நம்மை அந்த மெயின் சுவிட்ச் வரை கூட்டிப் போகிறதா? அதன்பிறகு சில வாரம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் செங்கோட்டை ரயிலில் பாளையங்கோட்டைக்கு வந்துவிடுவான். இலவசமாகக் கிடைக்கும் பாடங்களை இருவரும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

முதலில் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல். தமிழ்க் குரலில் கிடைப்பது இதன் பெரிய பலம். ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய பத்து நிமிடம். திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறுபாதியில் டெர்மினலையும் வைத்துக்கொண்டு கூடவே அடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் முறை. பாடத்தின் எழுத்து வடிவமும் தளத்திலேயே இருக்கிறது. லினக்ஸ் வரிசையில் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பற்றி ஒரு பாடம் உண்டு. ஷெல்லும் ஒரு பிராசஸ்தான், அது இன்னொரு பிராசஸைப் பெற்றெடுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, பெற்றவரின் எண்ணையும் பார்க்கலாம் என்பதைப் பதற்றமில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். கருப்புத் திரையைக் கண்டாலே பயப்படுகிற பிள்ளைக்கு, தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் வருடம் கல்லூரிக்குள் வந்திருக்கும் பிள்ளைக்கு, இதை விட்டால் வேறு நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. திரையில் தெரிவது உபுண்டு என்ற லினக்ஸின் பழைய பதிப்பு. அது ஒரு குறையே இல்லை, ஏனென்றால் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை இன்றும் அப்படியேதான் வேலை செய்கிறது. ஆனால் பத்து நிமிடத்தில் அடங்குவது அவ்வளவுதான். பெற்றவர் போனால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி மனதில் எழும். பதிலை வேறு இடத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் கணியம் இணையதளத்தையும் பார்க்கலாம். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறார்கள். இலவச மின்னூல்களும் உண்டு. பாடத்திட்டம் போல வரிசையாக இதை நாங்கள் படிக்கவில்லை. சொல் புரியாதபோது திறந்து பார்த்தோம்.

அடுத்து வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'த லினக்ஸ் கமாண்ட் லைன்'. இதன் பிடிஎஃப்பை ஆசிரியரே இலவசமாகத் தருகிறார். இதில் பத்தாம் அத்தியாயம் பிராசஸ் பற்றியது. அதில் ஒரு சின்ன வேலைப்பாடு இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எக்ஸ்லோகோ என்று ஒரு நிரலை ஓட விடச் சொல்கிறார். அது செய்வதெல்லாம் ஒரு சிறு ஜன்னலில் ஒரு சின்னத்தைக் காட்டுவது மட்டும்தான். ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் சின்னமும் பெரிதாகும், அதாவது உயிரோடு இருக்கிறது. டெர்மினலில் கண்ட்ரோல்-இசட் அடித்துவிட்டு மறுபடி இழுத்தால் ஜன்னல் மட்டும் பெரிதாகும், படம் அசையாது. நின்றுபோன பிராசஸ் சாகவில்லை, மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் கிடப்பதுபோல அப்படியே கிடக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. நின்றதைப் பின்னணியில் ஓட விடும் பிஜி கட்டளையை அடித்தால் மறுபடி அசைகிறது. "நிறுத்துறது வேற, கொல்றது வேறயா மாமா!" என்று அவன் கேட்டது அந்த இடத்தில்தான். வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டளையை ஒப்பிக்கப் பழகியிருந்தவன் அன்றைக்குத்தான் அதன் பொருளைப் பிடித்தான்.

ஹேங்கப் சிக்னலும் அந்த அத்தியாயத்தில் உண்டு. அந்தக் காலத்தில் டெலிபோன் கோடும் மோடமும் வைத்துத் தொலைவிலிருக்கும் கணினியோடு பேசுவார்கள். கோடு அறுந்தால் போனை வைத்துவிட்டதாகக் கணக்கு. பெயர் அங்கிருந்து வந்தது. அக்கா மகனுக்கு நடந்தது அச்சு அசல் அதுதான். ஆனாலும் புத்தகத்தில் அது சிக்னல் அட்டவணையில் ஒரு வரிசையாக வருகிறது. அவன் முதல் தடவை படிக்கும்போது அதைத் தாண்டிப் போய்விட்டான். இப்படிப்பட்ட விஷயம் அட்டவணையில் இருந்தால் மனதில் நிற்காது.

நான் முதலிடம் கொடுப்பது எம்ஐடி மாணவர்கள் 2020 ஜனவரியில் நடத்திய 'மிஸ்ஸிங் செமஸ்டர்' வகுப்புக்கு. கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் யாரும் தனியாகச் சொல்லித் தராத கருவிகளைச் சொல்லித் தருவதற்கென்றே வைத்த வகுப்பு அது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளிலும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் பிராசஸ் பற்றிப் பரீட்சைக்கு எழுதுவோம். டெர்மினலில் ஒன்றை நிறுத்தி எழுப்பிப் பார்த்திருக்க மாட்டோம். அதனால் இந்த வகுப்பு நமக்கும் அப்படியே பொருந்துகிறது. பின்னணி வேலை ஐந்தாம் பாடத்தில் வருகிறது. முதலில் கண்ட்ரோல்-சி அடித்தாலும் சாகாத ஒரு சின்னப் பைத்தான் நிரலைக் காட்டுகிறார்கள். கண்ட்ரோல்-சி என்பது கொல்லும் பொத்தான் இல்லை. அது அனுப்புவது ஒரு சிக்னல்தான், அதைக் கேட்பதும் கேட்காததும் நிரலின் இஷ்டம் என்று அங்கே புரிகிறது. அதன்பிறகு வருவதுதான் முக்கியம். சொன்ன நேரம்வரை சும்மா காத்திருக்கும் ஸ்லீப் கட்டளை ஒன்றையும், ஹேங்கப்பைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் செய்யும் நோஹப்பை முன்னால் சேர்த்த ஸ்லீப் கட்டளை ஒன்றையும் ஓட விடுகிறார்கள். இரண்டுக்கும் கையால் ஹேங்கப் சிக்னலை அனுப்புகிறார்கள். முதலாவது முடிந்துபோகிறது. இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கிறது. மெயினை அணைத்தும் ஓடுகிற கிரைண்டரைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறார்கள். நெட் அறுவதற்காக நாம் ஓர் இரவு காத்திருக்கத் தேவையில்லை.

இதில் ஒரு சிக்கல், ஆங்கிலமும் வேகமும். ஒரு மணி நேரத்துக்குள் பிராசஸ், டிமக்ஸ் (டெர்மினல் போனாலும் வேலையை ஓட வைத்திருக்கும் கருவி), எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) என்று நிறைய அடுக்குகிறார்கள். அக்கா மகன் இருபதாவது நிமிடத்திலேயே திணறிவிட்டான். ஆனால் தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துக் குறிப்பு இருக்கிறது. வீடியோவை விட்டுவிட்டு அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே மாலையில் முடித்துவிட்டான். கடைசியில் வரும் பயிற்சிகளையும் விட்டுவிடக் கூடாது. ஓடும் வேலையின் எண்ணைத் தேடாமலே பெயரை வைத்து அதை நிறுத்துவது, ஒரு வேலை முடியும்வரை இன்னொன்றைக் காத்திருக்க வைப்பது எல்லாம் அங்கேதான் கைக்குப் பழகுகிறது.

ஓவர்-த-வயர் தளத்தின் பேண்டிட் முற்றிலும் வேறு வகை. பாடமே கிடையாது, விளையாட்டுதான். தொலைவில் இருக்கும் ஒரு கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான கடவுச்சொல் எங்கோ ஒளிந்திருக்கும். எந்தக் கட்டளைகள் உதவும் என்று பெயர் மட்டும் சொல்வார்கள், வழியைச் சொல்ல மாட்டார்கள். இருபதாம் படியில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் ஓட வேண்டியிருக்கும், ஒன்று காத்திருக்க மற்றொன்று போய்ப் பேச வேண்டும். அந்தப் படியின் குறிப்பிலேயே ஜாப் கண்ட்ரோல் (வேலைகளை நிறுத்தி, முன்னணிக்கும் பின்னணிக்கும் மாற்றுவது) என்று போட்டிருக்கிறார்கள். விடையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் விளையாட்டின் பயன் போய்விடும். இரண்டு வேலைகளைச் சேர்த்துக் கையாளாமல் ஒரு காரியம் நடக்கவே நடக்காது என்ற நிலைமையில் நம்மை நிறுத்துவதுதான் பேண்டிட்டின் பலம். மற்ற பாடங்களில் தெரிந்துகொண்டது இங்கேதான் பழக்கமாகிறது. ஆனால் இதை முதல் பாடமாக எடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். ஆறாம் படியில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்த பிள்ளை, தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடும். அந்த முடிவை மாற்றுவது கஷ்டம்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அவனுடைய ஸ்கிரிப்ட் நடுவில் "மேலே எழுதலாமா?" என்று கேட்கும்படி இருந்தது. அதைப் பின்னணியில் விட்டதும், நிறுத்தப்பட்டது என்ற செய்தியோடு நின்றுவிட்டது. இதற்குப் பதில் அவன் பயன்படுத்தும் ஷெல்லான பாஷின் சொந்தக் கையேட்டில் கிடைத்தது. பின்னணியில் இருக்கும் வேலை விசைப்பலகையிலிருந்து படிக்கப் பார்த்தால் டெர்மினல் அதை நிறுத்திவைத்துவிடும், ஏனென்றால் விசைப்பலகை முன்னணி வேலைக்கு மட்டுமே சொந்தம். கையேடு வறட்சியாக இருக்கும், ஒரு வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டிவரும். கற்க ஆரம்பிக்கும்போது அது உதவாது. ஒரு தரம் அடிபட்ட பிறகு திறந்தால் ஒவ்வொரு வரியும் பேசும்.

போனில் டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டில் டெர்மினல் தரும் செயலி) வைத்துக் கற்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்துக் கிராமங்களில் பல பிள்ளைகளிடம் இருக்கும் ஒரே கணினி அதுதான். கட்டளைகள் பழக அது அருமையான கருவி. ஆனால் பின்னணி வேலை என்று வரும்போது ஆண்ட்ராய்டே குறுக்கே வரும். பேட்டரியை மிச்சப்படுத்த அது செயலியையே நிறுத்தும். ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் பெற்ற பிள்ளைப் பிராசஸ்கள் 32-க்கு மேல் போனாலும் வெட்டிவிடும். வேலை செத்தது தன் தவறால்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். இந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டுமாவது கல்லூரி லேபிலோ, பழைய லேப்டாப்பில் பென் டிரைவ் வழியாகவோ உண்மையான லினக்ஸில் உட்காருவது நல்லது.

வரிசையைக் கேட்டால், தமிழிலேயே ஆரம்பிக்க வேண்டியவர்களுக்கு ஸ்போக்கன் டுடோரியல், அப்புறம் ஷாட்ஸின் பத்தாம் அத்தியாயம், அப்புறம் எம்ஐடி குறிப்பு. பேண்டிட்டை எம்ஐடிக்குப் பிறகு, தினம் ஒரு படி. ஆங்கிலம் ஓரளவு வரும், நேரமும் ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஐந்தாம் பாடக் குறிப்பை மட்டும் எடுங்கள். நீண்ட வேலையைத் தொலைவில் ஓட விடுகிறவர்கள் டிமக்ஸையும் அதே பாடத்தில் கற்றுக்கொள்ளலாம்; நெட் போனாலும் வேலை சர்வரில் இருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் முடித்தபிறகு அவன் தானாகவே ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டுப் போன் செய்தான். பாஷில் & போட்டு ஸ்லீப்பை ஓட விட்டு, எக்ஸிட் என்று அடித்து வெளியேறினால் அது சாகவில்லை. அதே வேலையை விட்டுவிட்டு ஜன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் செத்துவிடுகிறது. "ரெண்டும் வெளிய போறதுதானே மாமா, ஏன் இப்படி?" நான் காரணத்தைச் சொல்லவில்லை. கையேட்டில் சிக்னல் பற்றிய பகுதியில் ஹப்-ஆன்-எக்ஸிட் என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவனே விளக்கிச் செய்தி அனுப்பினான்: நாமாக எக்ஸிட் அடித்தால் அந்த அமைப்பை இயக்கி வைக்காதவரை பாஷ் யாருக்கும் ஹேங்கப் அனுப்பாது, ஜன்னலை மூடினால் பாஷுக்கே ஹேங்கப் வருகிறது, அதை அது எல்லோருக்கும் பரப்பிவிடுகிறது. கூடவே இன்னொரு வரி: மீதி 428 பக்கத்தையும் டிமக்ஸில் போட்டுவிட்டேன், படுக்கப் போகிறேன்.