ஏடி8232 இதய மின்பலகை: நீண்ட காலப் பயன்பாட்டின் பின்

‘சமிக்ஞைகளும் தொகுதிகளும்’ பாடத்தை எடுத்த பருவத்தில் வாங்கிய ஏடி8232 பலகை இன்றும் என் மேசையில் உழைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று மின்வாய்களை உடலில் ஒட்டினால், ஒரு மில்லிவோல்ட் அளவேயான இதயச் சமிக்ஞையைப் பெருக்கித் தருகிறது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை அதை எண்களாக்குகிறது. இலவச மென்பொருளான ஆக்டேவ் வரைந்து காட்டுகிறது. உயிர் மருத்துவப் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தாளில் வெறும் சமன்பாடாக நின்ற, வேண்டாத இரைச்சலை நீக்கும் வடிகட்டி இங்கே கண்ணெதிரே வேலை செய்கிறது.

இலங்கையின் ஹட்டனில் எங்கள் வீட்டு அறையில் அலையின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நடுக்கம் ஏறியிருக்கும். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது. பலகையிலேயே வடிகட்டி இருந்தும் முழுதாகப் போவதில்லை. அலையை நொடிக்கு 200 முறை அளந்து, அதாவது 200 மாதிரிகள் எடுத்தால் இதற்கு மருந்து மிக எளிது: ஒவ்வொரு மாதிரியையும் அதற்கு இரண்டு இடம் முந்தியதோடு கூட்டிப் பாதியாக்குங்கள். இரண்டுக்கும் இடைவெளி 10 மில்லிசெக்கன். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அலகு வட்டத்தின் மேல் சுழியங்களை வைப்பதாக, அதாவது ஒரு மீடிறனை (அதிர்வெண்ணை) முழுதாக அழிப்பதாக, விரிவுரையில் சொல்வது இதைத்தான். எனக்கு அந்தப் பாடம் உண்மையில் பிடிபட்டது இந்த ஒற்றை வரியில்தான்.

நொடிக்கு 80 மாதிரிகள் மட்டும் எடுத்துப் பாருங்கள். அதே இரைச்சல் 30 ஹெர்ட்ஸாக வேடமிட்டு வரும். நீக்கப் போனால் இதய அலையிலும் ஒரு பங்கு சேர்ந்து போகும்.

மலைநாட்டுக் குளிர்தான் பெரிய தொல்லை. தை மாத விடியலில் உடல் நடுங்கும்போது தசைச் சமிக்ஞை பரந்த மீடிறன் வீச்சில் கலந்துவிடுகிறது. அதை எந்த வடிகட்டியும் சுத்தமாகப் பிரித்துத் தராது. போர்த்திக்கொண்டு, உடல் சூடேறிய பிறகே பதிவைத் தொடங்குகிறேன்.

ஒப்பிட்டுப் படிக்க, மருத்துவச் சமிக்ஞைகளுக்கான ஃபிசியோநெட் இணையதளத்தில் எம்ஐடி-பிஐஎச் என்ற இதயப் பதிவுத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது: அரை மணி நேரப் பதிவுகள் 48, நொடிக்கு 360 மாதிரிகள். அவை அமெரிக்கப் பதிவுகள். அங்கே மின்னிரைச்சல் 60 ஹெர்ட்ஸ் என்பதால் வடிகட்டியை மாற்றிக் கணக்கிட வேண்டும்.

மின்வாய்கள் உடலில் இருக்கும்போது மடிகணினியை அதன் மின்கலத்தில் மட்டுமே இயக்குங்கள். மின்னேற்றியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். நோயைக் கண்டறியும் கருவி இதுவல்ல. தொடர்ந்து செலவு வைப்பது மின்வாய்கள் மட்டும்தான். திறந்த பொதியை இறுக மூடி வையுங்கள். ஜெல் காய்ந்துவிட்டால் அலை தாறுமாறாக ஏறி இறங்கும்.