தண்டுவடத்துக்கு எந்தப் படம்: டி2 எம்ஆர்ஐயா, டிஃப்யூஷனா?

நாகப்பட்டினம் பக்கத்துக் கடலில் முக்குளிக்கும் ஒருவரை தஞ்சாவூரில் ஸ்கேன் மேஜையில் படுக்க வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கம்ப்ரசர் குழாயைக் கவ்விக்கொண்டு ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு, அவசரமாக மேலே வந்திருக்கிறார். இரண்டு காலும் மரத்துவிட்டன, சிறுநீர் இறங்கவில்லை. டி2 படத்தில் தண்டுவடம் சுத்தமாகத் தெரிந்தது. "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா தம்பி?" என்றார்.

கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகி, நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரையும். வேகமாக ஏறினால் அதுவே குமிழாகும். இதுதான் டிகம்ப்ரஷன் நோய். தண்டுவடத்தின் வெள்ளைப் பகுதியில் நைட்ரஜன் எளிதில் கரையும் கொழுப்பு அதிகம் என்பதால் அங்கே சேதமும் அதிகம்.

டி2, டிஃப்யூஷன் இரண்டுமே எம்ஆர்ஐ கருவியில் எடுக்கும் இரு வகைப் படங்கள். டி2 படம் திசுவில் நீர் கோத்த இடத்தை வெளுப்பாகக் காட்டும். சில நிமிடங்களில் எடுத்துவிடலாம், டிஸ்க் பிதுங்கலா, ரத்தக்கசிவா என்பதையும் பார்த்துவிடலாம். ஆனால் ஆரம்பத்தில் பல நேரம் ஒன்றும் காட்டாது.

டிஃப்யூஷன் பார்ப்பது நீரின் நடமாட்டத்தை. நம்ம ஊர் வாய்க்கால் மாதிரிதான்: கரை சரியாக இருந்தால் தண்ணீர் ஒரே திசையில் ஓடும், உடைந்தால் நாலா பக்கமும் பரவும். நரம்பிழைகளுக்குள்ளும் நீர் நீளவாக்கில்தான் அதிகம் நகரும். 1994இல் பாஸர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் முன்வைத்த டென்சர் முறை, நீர் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டு, அந்த ஒழுங்கை எஃப்ஏ என்ற எண்ணாகத் தருகிறது. 1ஐ நெருங்கினால் ஒரே திசை, இழை சிதைந்தால் எண் இறங்கும். ரத்தம் தடைப்பட்டுச் செல்கள் வீங்கினால், நீர் முடங்குவதும் சில மணி நேரத்திலேயே தெரியும்.

சிக்கல் இருக்கிறது. தண்டுவடம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அகலம்தான். இதயத் துடிப்பு, மூச்சு, சுற்றியுள்ள நீரின் அசைவு எல்லாம் படத்தைக் கலைக்கும். நுரையீரல் காற்றுக்கு அருகே உருவமே கோணும். எஃப்ஏ குறைந்ததற்குக் குமிழ்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய காயமாகவும் இருக்கலாம்.

அதனால் ஆய்வுக்கு நான் டிஃப்யூஷன் பக்கம். ஒரே கருவியில், ஒரே அமைப்பில், வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்தால் எந்த இழை தேறுகிறது என்று பின்தொடரலாம். அன்றைய இரவுக்கு டி2 போதும், அதுவும் சிகிச்சையைத் தாமதப்படுத்தாவிட்டால் மட்டும். நோயைக் கண்டுபிடிப்பது அறிகுறிகளை வைத்துத்தான். உடனே 100 சதவீத ஆக்சிஜன், அப்புறம் அழுத்த அறை. அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் சிகிச்சை அட்டவணைப்படி 18 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் தொடங்கும், மொத்தம் 4 மணி 45 நிமிடம்.

"படம் சுத்தம்னா தண்டுவடம் சுத்தம்னு அர்த்தம் இல்லண்ணே" என்று சொல்லி, ஆக்சிஜன் முகமூடியோடு ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.